தூங்குதா, கலாஸா?

சவூதியில், ஜுபைலில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்த ராமையாவைக் கம்பெனி திடீரென்று மதீனாவுக்கு வடக்கே தூக்கிப் போட்டது. பாறையைத் துளைத்துப் பார்க்கிற வேலை. கண்ணுக்கெட்டிய தூரம் கருங்கல் வெளி. நடுவில் உச்சி குழிந்த ஒரு மலை. அது எரிமலை என்று ரூம்காரர்கள் சொன்ன நாளிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

தனக்காகக் கவலைப்படுகிற ஆள் இல்லை அவர். மகன் விஜயபாஸ்கருக்கு அதே சைட்டில் வேலை கிடைத்திருந்தது. வரட்டுமா, வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். லீவில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளையோடு ஒரே கேம்பில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனால் மலை?

பாறை ஆய்வாளர் செய்கு அலாவுதீன் காயல்பட்டினத்துக்காரர்; அண்ணனை அவர் ஊர் வழக்கப்படி காக்கா என்பார். துளைத்தெடுத்த கல்லைப் பெட்டியில் வைத்துக் காட்டினார். கறுப்பு, எரிமலைக் குழம்பு ஓடி உறைந்தது. நடுவே செங்கல் நிறத்தில் தெரிவது, மலை சும்மா கிடந்தபோது சேர்ந்த மண். அடுத்து வந்த குழம்பு அதைச் சுட்டுவிட்டது. மேலே மறுபடி கறுப்பு.

"இது செத்த மலை இல்ல, காக்கா. தூங்குது. நம்ம காலத்துல முழிக்காதுன்னுதான் நெனைக்கிறோம்."

நினைக்கிறார்களாம். அதை நம்பிப் பிள்ளையைக் கூப்பிடுவதா? ராமையா ஃபோர்மேனிடம் போய்க் கேட்டார். பட்டாணியரான அவர் மலையை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "கலாஸ்" என்றுவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். அரபியில் கலாஸ் என்றால் முடிந்தது. யார் கதை முடிந்தது, மலையுடையதா, நம்முடையதா? கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது ராமையாவுக்கு.

வெள்ளிக்கிழமை மனைவி வீரம்மாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"செத்துருச்சா, தூங்குதா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க."

கறுப்பு, சிவப்பு, கலாஸ் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பினார். எப்போதாவது ஒருதரம்தான் முழிக்குமாம் என்றார்.

"அப்ப ஒங்க லீவு மாதிரித்தான்" என்று குத்திவிட்டு, போனை மகனிடம் கொடுத்தாள்.

அவன் மலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"நீங்க அங்கனதான இருப்பீக, அப்பா?"

ராமையா கேம்ப் வாசலில் நின்றபடி மலையைப் பார்த்தார். அது தூங்குகிறதா, முடிந்ததா என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"இருப்பேன்" என்றார். "வா."