கார் இல்லாத கார் ஷெட்

கார் ஷெட்டுக்குள் மேஜை போட்டு வேலை பார்த்தால், மத்தியானத்துக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? இத்தனை வருஷமாகியும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. திறந்தால் மேற்கு வெயில் நேராக வந்து வேலை மேஜையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூடினால் பெட்ரோல் வாடையில் தலை சுற்றும். சரி, பாதி இறக்கி வைப்போம் என்றால், உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் தலையில் இடித்துக்கொண்டு என்னைத்தான் முறைப்பார்கள்.

போன வாரம் கார் ஷெட்டைப் பெருக்கும்போது, பழைய பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் ஒரு துண்டு தெர்மாகோல் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். தெர்மாகோலை யாராவது மோந்து பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள். மண்ணெண்ணெயும் சாளை மீனும் கலந்த ஒரு வாடை, மிக மெலிதாக, இன்னும் இருந்தது. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், வீட்டுக்குள் தொட்டிலில் சின்னவள் அழும்வரை.

எங்கள் இராஜாக்கமங்கலம் பக்கத்தில் கல்ஃப் பணத்தில் வீடு கட்டுகிறவர்கள், கார் வாங்குவதற்கு முன்பே கார் ஷெட் கட்டிவிடுவார்கள். நாங்களும் கட்டினோம். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு படகுப் பட்டறையில் மெக்கானிக். அவர் போனில் சொல்லச் சொல்ல, வயிற்றில் மூத்தவளைச் சுமந்துகொண்டு நான் இங்கே நின்று கட்டினேன். ரோடு மேற்கே இருந்ததால் ஷட்டரும் மேற்கே. கையிருப்பு தீர்ந்துபோனதால் மேலே தகரக் கூரை. கார் வரவில்லை. தேங்காயும் காயவைத்த மிளகாயும் மகளின் மூன்று சக்கர சைக்கிளும் அங்கே சொகுசாக இருந்தன.

அவர் நீண்ட லீவில் வந்தபோது மகளுக்கு நன்றாகப் பேச்சு வந்திருந்தது. வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து, "மாமா வந்திருக்கு" என்றாள்.

"மாமா இல்ல மக்ளே, அப்பா" என்றேன்.

"அப்பா போன்லல்லா இருக்காரு!"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அன்று சாப்பாட்டில் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

மறுவாரமே தேங்காயையும் மிளகாயையும் வெளியேற்றிவிட்டு, ஷெட்டில் ஒரு மேஜை போட்டு, மீன்பிடி வள்ளங்களின் பின்னால் மாட்டுகிற எஞ்சின்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "ஒரு கோடை பாப்பம் ட்டி. இதுக்குள்ள இருந்து வேல பாக்க முடிஞ்சா நான் போவல. முடியலன்னா லீவு முடிஞ்சதும் கெளம்பிருவேன்."

"அங்க இத விட வெயிலாச்சே?"

"அங்க பட்டறையில ஏசி உண்டுல்லா."

ஆக, அவர் இருப்பதும் போவதும் அந்தத் தகரத்தின் கையில் இருந்தது. நான் இயற்பியல் படித்தவள். வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்று எழுதி மார்க் வாங்கியவள். அந்த மூன்று வழிகளிலும் அது எங்கள் ஷெட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

முதலில் பெரிய ஃபேன் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்த வேகத்தில் உள்ளிருந்து கத்தல். "ஏட்டி, அத நிறுத்து! மண்ணு பறக்குது பாத்தியா!" கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே ஊசி நுழையாத அளவுக்குச் சிறிய துளைகள் இருக்குமாம். ஒரு பொடி மணல் போதும், அடைத்துக்கொள்ளும். "நடுக்கடல்ல எஞ்சின் நிண்ணு போச்சுன்னா, யாரு எறங்கித் தள்ளுவா? நீயா?" என்றார். கடற்கரை ஊரில் காற்று இருந்தால் மணலும் இருக்கும். காற்றில்லாமல் குளிர்ச்சி வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்?

கூரையில் தண்ணீர் ஊற்றலாம் என்றால் எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, தகரம் துருப்பிடிக்கும். அதனால் சாக்கை நனைத்து ஷட்டரில் தொங்கவிட்டேன். ஏற்கனவே ஈரக் காற்று, இதில் ஈரச் சாக்கும் சேர்ந்து ஷெட் இட்லிக் கொப்பரை ஆனது. அவர் வெளியே வந்து சட்டையைப் பிழிந்து காட்டினார்.

ஆனால் அந்த ஈரச் சாக்கின் வாடை என்னை எங்கேயோ கொண்டுபோனது. சின்ன வயதில், விசேஷ நாட்களில், ஐஸ் கம்பெனியிலிருந்து அப்பா சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார். வீடு வந்து சேரும்போது பாதி இருக்காது. பிறகு தெர்மாகோல் பெட்டிகள் வந்தன. மீன் ஐஸோடு கேரளா போய்ச் சேரும்வரை கட்டி உருகாமல் இருந்தது. ஐஸை உருகவிடாத பெட்டி மனிதனையும் உருகவிடாதுதானே? படித்த படிப்பு இதற்குத்தான் என்று நினைத்தேன்.

அவருடைய அக்கா, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், கரையில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்கிறார். உடைந்த மீன் பெட்டிகள் வேண்டும் என்று கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மைனி இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "என் தம்பிய ஐஸ்ல வச்சி என்ன வெலைக்கு ஏலம் விடப் போற ட்டி?"

பெட்டிகளைச் சோப்பு போட்டுக் கழுவி, எலுமிச்சம்பழம் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அறுத்து, வலைக்கயிற்றால் தகரத்துக்கு அடியில் வரிசையாகக் கட்டினோம். உள்ளே உண்மையிலேயே வெக்கை குறைந்தது. அவர் விசிலடித்தபடி வேலை செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூரை சூடேறச் சூடேற தெர்மாகோலுக்குள் ஊறியிருந்த மீன் வாடையெல்லாம் இறங்க ஆரம்பித்தது. முதலில் ஈ, அப்புறம் பூனை. ஊரிலுள்ள பூனைகளெல்லாம் ஷட்டர் முன்னால் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று தாவப்போய், எஞ்சினை ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த டிரம்மில் விழுந்தது. பழுது பார்க்கக் கொடுத்த எஞ்சினை வாங்கிப்போக வந்த வள்ளக்காரர் ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மக்கா, எஞ்சின் ரெடியா, இல்ல கொழம்பு ரெடியா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வாடை ஒரு பொருட்டே இல்லை. எனக்குத்தான் வேறொரு பயம் பிடித்தது. சோறு வடிக்கும்போது திடீரென்று தோன்றியது: மேலே தெர்மாகோல், கீழே பெட்ரோல். தீப்பிடித்தால் அது உருகித் தலையில் அல்லவா சொட்டும்! மகள் வேறு அங்கேதான் விளையாடுகிறாள். ஓடிப்போய்ச் சொன்னேன். எப்போதும்போல் சிரிக்கத் தொடங்கியவர், மேலே பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். அன்று சாயங்காலமே ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினார். "நீ சொன்னது செரிதான்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. என் கையாலேயே அவரை அனுப்பி வைக்கிறேனோ என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து கல்ஃப் கம்பெனியிலிருந்து போன். "ரெண்டு நாள்ல சொல்லுறேன் சார்" என்று சொல்லி வைத்தார்.

காலையில் மைனி வந்தார், கூடவே வள்ளக்காரர்கள் நாலைந்து பேர்.

"போறியாமேடே?" என்று தம்பியைக் கேட்டார் மைனி. "நீ போயிட்டா இவனுவ எஞ்சின தோள்ல வச்சி முட்டம் வரைக்குமுல்லா செமக்கணும்."

அவர்கள் கொண்டுவந்தது ஒரு பழைய வலை. தெற்கே இருந்த தென்னந்தோப்பிலிருந்து ஓலை வந்தது. தகரத்தின்மேல் மூங்கில் வைத்து, அதன்மேல் ஓலையைக் கனமாகப் பரப்பினார்கள். வெறும் ஓலையைக் கடல் காற்று மதியத்துக்குள் பிய்த்து எறிந்துவிடும். அதனால் மேலே வலையை விரித்து, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஷெட்டுக்கே வலை வீசியது போல இருந்தது.

கூரைமேல் நின்ற வள்ளக்காரர் ஒருவர் கத்தினார்: "லே, நல்ல பெருசா ஒண்ணு மாட்டிருக்குடே! மெக்கானிக்கு!"

மறுநாள் மத்தியானம் அவர் உள்ளே வேலையாக இருந்தார். குனிந்த முதுகில் வியர்வை இருந்தது, ஆனால் ஓடவில்லை. மகள் தன் சின்னத் துண்டை நனைத்துக்கொண்டுபோய் அவர் முதுகில் போட்டாள்.

"அப்பா, வேக்குதா?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நான் அடுக்களை ஜன்னலில் நின்று கேட்டேன். அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. "இல்ல சார், வரல" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஓலையா, துண்டா, எது அவரை நிறுத்தியது என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும்.

இப்போது அவருக்கு முட்டத்தில் சொந்தக் கடை இருக்கிறது. ஷெட்டில் உண்மையிலேயே ஒரு கார் நிற்கிறது, பழைய கார்தான். தென்னந்தோப்பு இருந்த இடத்தில் மாடி வீடு. அதன் சுவர் எங்கள் காற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. ஓலைக்கு நான் எங்கே போவது? வலை மக்கி உதிர்ந்துவிட்டது. டிரம்மில் எஞ்சின் உறுமுகிற சத்தம் இல்லாததால் பூனைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் சின்னவள் எழும்பும் முன் அவர் கடைக்குப் போகிறார், அவள் தூங்கியபின் வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் தூக்கியதும் வீறிட்டு அழுதாள்.

"கார வெளிய விட்டுட்டு, ஷெட்டுல திருப்பி ஒரு மேச போட்டா என்னட்டி? பாதி வேலைய இஞ்சயே பாக்கலாம்" என்றார்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். தகரக் கூரை, மேற்கே பார்த்த ஷட்டர், உப்புத் தண்ணீர். கார்புரேட்டர் திறந்திருக்கும்போது ஃபேன் கூடாது. தெர்மாகோலைப் பற்றி மட்டும் யாரும் பேச வேண்டாம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு ஷெட்டைக் குளிர வைத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள், ஷட்டரைத் திறப்பதா மூடுவதா என்பதையும் சேர்த்து. கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. சின்னவள் இப்போதே "மா" என்கிறாள். அடுத்த "மா"வும் வந்து சேர்வதற்குள் மேஜையைப் போட்டுவிட வேண்டும்.