நான் கொடுத்த தவிட்டு ஒத்தடம்

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆவணி மாதம். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடியில், டாக்டர் அறையில் என் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது, பெங்களூரில் வேலை. என் மனைவி, எங்கள் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். "அப்பா, மார்ல ஒரு சின்ன ஆபரேஷன். கூட ஒரு ஆள் இருக்கணுமாம். வர்றீங்களா?" என்று போனில் கேட்டான். இருதயமோ என்று பயந்துதான் போனேன்.

இருதயம் இல்லை. மார்புப் பகுதியில் சேர்ந்திருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் என்று டாக்டரம்மா சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. "அதெல்லாம் சினிமாக்காரங்க பண்ணிக்கிறது இல்லையா டாக்டர்? காலையில நாலு கிலோமீட்டர் நடந்தா தானா குறையாதா?" என்றேன்.

"நடந்தா தொப்பை குறையும் சார். இது குறையாது. கொழுப்போட சுரப்பியும் சேர்ந்து வளர்ந்திருக்கு. சின்னதாக் கீறி அதையும் எடுத்துடுவோம். நிறைய ஆம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்றவர், அவனிடம் திரும்பி, "எப்பலேர்ந்து இருக்கு?" என்று கேட்டார்.

"ஸ்கூல்லேர்ந்தே இருக்கு மேடம்."

"அப்பவே காட்டியிருக்கலாமே?"

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "வீட்ல சொல்ற மாதிரி இல்ல" என்றான்.

அது ஏன் என்று அவனைத் தவிர அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, பொங்கல் லீவில் ஒரத்தநாட்டுப் பக்கம் என் அண்ணன் வயலுக்குப் போயிருந்தோம். பம்புசெட்டில் பிள்ளைகள் எல்லாரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றிய என் மகனைப் பார்த்து நான் ஒரு பட்டப்பெயர் சொன்னேன். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அண்ணன் சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். அந்தப் பெயர் சொந்தக்காரர்கள் வாயில் பல வருடங்கள் ஓடியது. அன்றிலிருந்து அவன் யார் முன்னாலும் சட்டையைக் கழற்றியதில்லை. குலதெய்வக் கோயிலுக்கு வந்தால், உள்ளே சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் வாசலிலேயே நின்றுகொள்வான். மாப்பிள்ளை வெறும் மேல்துண்டோடு மணையில் உட்கார வேண்டுமே என்றுதான் கல்யாணப் பேச்சையும் தட்டிக்கழித்து வந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

டாக்டர் அதன் பிறகு கால் மணி நேரம் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பாதிகூடக் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. மார்பை இறுக்கிப் பிடிக்கும் பனியன் ஒன்றைப் போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். மதியம் பார்த்தால் பனியனும் விரிப்பும் இளஞ்சிவப்பாக நனைந்திருந்தன. "சிஸ்டர், ரத்தம்! ரத்தம்!" என்று வராந்தாவெல்லாம் கேட்கக் கத்திவிட்டேன்.

வேளாங்கண்ணிப் பக்கத்து நர்ஸ் அவர், முந்தின நாள் டாக்டர் அறையிலும் கூட நின்றவர். பதறாமல் வந்து பார்த்தார். "ரத்தம் இல்ல சார், உள்ள ஏத்துன மருந்துத் தண்ணி வெளிய கசியுது. நாளைக்கு வரைக்கும் வரும். டாக்டர் சொன்னாங்களே, நீங்க தலையாட்டுனீங்களே!" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பனியன் விளிம்புக்கு வெளியே தெரிந்த இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. முன்பு இருந்ததைவிட வீக்கம் அதிகமாகத் தெரிந்தது. அவன் பயப்படவில்லை, நான்தான் பயந்தேன்.

ஆறாம் நாள் காலை, துவைப்பதற்காகப் பனியனைக் கழற்றிவிட்டு வெறும் மார்போடு என் எதிரில் உட்கார்ந்திருந்தான். பதினைந்து வருடத்தில் முதல்முறை. அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று என் கை பரபரத்தது. எங்கள் ஊரில் அடிபட்ட வீக்கத்துக்கு அரிசித் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். மாட்டுக்கு வாங்கிய தவிடு பக்கத்து வீட்டில் இருந்தது. வாங்கி வந்து வறுத்தேன்.

"சூடா இருக்காடா?"

"ஒண்ணும் தெரியலப்பா."

ஆறிவிட்டது போல என்று மறுபடி வறுத்தேன். மறுபடி கேட்டேன். "இப்பவும் தெரியல" என்றான். இன்னும் கொஞ்சம் சூடேற்றி, அழுத்தி வைத்தேன். மூட்டையை எடுத்தபோது இடது பக்கம் தோல் வெளுத்துக் கொப்பளம் எழும்பியிருந்தது. அப்போதும் அவனுக்கு வலிக்கவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடம் பல வாரங்கள் மரத்துப்போயிருக்கும். மரத்துப்போன இடத்தில் சூடு தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சுட்டிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து என்னை நம்பிக் காட்டிய உடம்பு அது.

உடனே ஓடினோம். டாக்டரம்மா முகம் சிவந்துவிட்டது. "யாரு இதை வச்சது?"

"நான்தான் மேடம். வீக்கமா இருந்துச்சேன்னு வச்சேன்" என்றான் மகன்.

அவன் சொன்னதோடு விட்டிருந்தால் என் மரியாதை தப்பியிருக்கும். "இல்ல டாக்டர், வச்சது நான். நீங்க சொன்னப்ப நான் காது கொடுத்துக் கேக்கல" என்றேன்.

"சார் என்ன வேலை பாத்தீங்க?"

"பிசிக்ஸ் வாத்தியார். பிளஸ் டூவுக்கு."

"அப்ப வெப்பம் பத்திப் பாடம் எடுத்திருப்பீங்களே?"

"முப்பத்திரண்டு வருஷம்."

என் மகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்றான்.

டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். இந்த முறை காகிதம் வாங்கி எழுதிக்கொண்டேன். இன்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். இது எடை குறைக்கும் வைத்தியம் இல்லை. வீங்கும், கன்றும், கசியும். அதற்கெல்லாம் அலற வேண்டாம். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாக வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடக்க வேண்டும். இறுக்கமான பனியனை டாக்டர் சொல்லும் வரை, எங்களுக்கு ஆறு வாரம், போட்டே ஆக வேண்டும். சரியான வடிவம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கூட இருப்பவர் கைவைத்தியத்தை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னேன். "அந்தப் பம்புசெட்ல நான் உன்னைச் சொன்னது... தப்புடா."

அவன் திகைத்துப் பார்த்தான். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேம்ப்பா. ஏதோ வாய்தவறிச் சொல்லி மறந்துட்டாருன்னு நெனச்சுதான் சமாதானம் ஆனேன்." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா?"

"ஆமா" என்றேன். ஆட்டோ நின்றதும் அவன் எனக்கு முன்னால் இறங்கி உள்ளே போய்விட்டான். சாப்பாட்டையும் தட்டோடு தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனான். மன்னிப்புக் கேட்டால் மனது லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. நான் செய்ததன் முழு எடையும் அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை கொப்பளத்துக்குக் கட்டு மாற்ற வேண்டும். இனி நர்ஸிடம்தான் போவான் என்று நினைத்துக்கொண்டு பேப்பரை விரித்து வைத்திருந்தேன். அவன் பனியனைக் கழற்றிவிட்டு, களிம்பையும் பஞ்சையும் என் மடியில் போட்டான்.

"மெதுவா வைங்க. கேக்காம எதையும் பண்ணாதீங்க" என்றான்.

ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். அவன் சொல்லச் சொல்ல என் விரல் நகர்ந்தது. கொப்பளம் இரண்டு வாரத்தில் ஆறியது. காசளவு தழும்பு இன்றும் இருக்கிறது. அவன் அதைப் பெரிதாக நினைப்பதில்லை, நான் நினைக்கிறேன். அவன் என்னை மன்னித்தானா என்று இதுவரை கேட்டதில்லை. அத்தனைக்கும் பிறகு தன் புண்ணை என் கையில் கொடுத்தானே, அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவனாக மிச்ச நாளெல்லாம் இருந்துவிட்டுப் போவதுதான் என்னால் முடிந்த பதில்.