அடித்தவன் வீட்டுக்கு அல்வா

பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடமாக இங்கிலீஷ் நடத்துகிறேன். எனக்கு ஆகவே ஆகாத இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டென்றால் அது அட்ஜஸ்ட்தான். மதுரையில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நாலாவதாக இடித்துக்கொண்டு உட்காருகிறவன் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க என்கிறான். ரவிக்கையை மூச்சு முட்டத் தைத்துவிட்ட டெய்லரும் அதையேதான் சொல்கிறார். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அட்ஜஸ்ட், சால்னா தீர்ந்துபோனாலும் அட்ஜஸ்ட். இடிக்கிறவன் என்றைக்காவது அட்ஜஸ்ட் பண்ணியிருக்கிறானா? இடிபடுகிறவள்தான் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் ஆத்திரத்தில் பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். 'பக்கத்தில்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்று பொருள். பிற்காலத்தில் சிலர் அதற்குள் நியாயம் என்று பொருள்படும் 'ஜஸ்ட்' ஒளிந்திருப்பதாகத் தப்பாக நினைத்துவிட்டார்களாம். நன்றாக நினைத்தார்கள் போங்கள்!

போன மார்கழியில் ஒரு காலை, வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் தங்கை ஒரே ஒரு பையோடு தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புருஷன் மறுபடியும் அடித்துவிட்டான், இனிமேல் போக மாட்டேன் என்றாள்.

கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைப் பெற்றவர்களே கொண்டுபோய் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் வெறுங்கையோடு போகக் கூடாது. அல்வா, காராச்சேவு, ஒரு சீப்பு வாழைப்பழம். அடித்தவன் வீட்டுக்கு அல்வா கொடுக்கிற ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் அப்பா எல்லாவற்றையும் வாங்கி வைத்து, தாய்மாமாவை வரவழைத்து, காரும் பேசிவிட்டார்.

மாமா தொண்டையைச் செருமினார். "ஆம்பளைன்னா கை நீட்டத்தான் தாயி செய்வான். நாமதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி, நீங்களே தின்னுங்கள் என்று அவர் முன்னால் நகர்த்தினேன். உங்கள் மகளாக இருந்தாலும் இப்படித்தான் காராச்சேவோடு கூட்டிக்கொண்டு போவீர்களா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அப்பாவோ, கார் வந்துவிட்டது, கிளம்புவோம் என்பதிலேயே குறியாக இருந்தார்.

அப்போதுதான் தங்கை சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கு இடது காது கேக்காதுப்பா. ஆடியில அடிச்ச அடி."

அப்பா வெளியே போய்க் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். இனி அவளை யாரும் அனுப்பப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் மட்டும் அடங்கவில்லை. வாய் கூசாமல் எப்படி அந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள் என்று மாமாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விடுக்கா" என்றாள் தங்கை. "அன்னைக்கு அடிச்சதும் உனக்குத்தான் போன் பண்ணேன். இந்தக் காதுல ஒண்ணும் கேக்கலைன்னு அந்தக் காதுக்கு மாத்தி வச்சேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கடின்னு நீயும்தான சொன்ன."

சொன்னேன். அன்றைக்கு எனக்குத் திருத்த வேண்டிய பேப்பர் ஒரு கட்டு இருந்தது.