ஒரே ஆள் ஓட்டும் மில்

என் மேசைக் கணினி இப்போதெல்லாம் எதைத் திறக்கச் சொன்னாலும் திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஓய்வுபெற்ற பிறகு எனக்கும் அவசரம் இல்லை என்பதால் சில மாதங்கள் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். கடைசியில் ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இரண்டு பாகங்களை மாற்றி வேகத்தைக் கூட்டலாம், அல்லது புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்றார். எது நல்லது என்று கேட்டேன்.

"மிஸ் இன்னும் எத்தன வருஷம் பாவிப்பீங்க? அதச் சொன்னாத்தான் நான் சொல்லலாம்."

அறுபதைக் கடந்த ஒருத்தியிடம் கேட்கும் கேள்வி அல்ல. ஆனால் சரியான கேள்வி. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த காலத்தில், பழுதான பொருளைத் திருத்துவதா கழிப்பதா என்று தீர்மானிக்கும் குழுக்களில் அநேகமாக எல்லா வருடமும் என்னைப் போடுவார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அறிக்கை, விலைமனுக்கள், குழுவின் சிபாரிசு, மேலிடத்து அங்கீகாரம் என்று வரிசையாக வர வேண்டும். அவை வந்து சேர்வதற்குள் பொருள் தன் தீர்மானத்தைத் தானே எடுத்துவிடும். அத்தனை தாளுக்கும் அடியில் இருப்பது அந்த இளைஞர் கேட்ட ஒரே கேள்விதான். அது முதன்முதலில் என் காதில் விழுந்தது எங்கள் வீட்டு மாவு மில்லில், எழுபதுகளின் நடுவில், நாலாம் வகுப்புப் படிக்கும்போது.

மில்லை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு, எல்லாருக்கும் ஒரே அடுப்பு. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லாததால், நான் யாருடைய பிள்ளை என்பது அந்த வீட்டில் சரியாக வரையறுக்கப்படாமலேயே இருந்தது. எனக்குத் தலை பின்னுவது பெரியம்மா. பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கேட்பதும் அவர்தான். அடி மட்டும் அம்மாவின் இலாகா.

மில்லை ஓட்டியது வயதான ஒரு டீசல் எஞ்சின். அதைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். அப்பா எஞ்சின் தலையிலிருந்த சிறிய பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரியப்பா குனிந்து, பெரிய கைப்பிடியை இரண்டு கையாலும் சுற்றுவார். சக்கரம் வேகமெடுத்ததும் "விடு" என்பார். அப்பா பிடியை விட, எஞ்சின் இருமிப் புகை கக்கி, மனமிருந்தால் ஓடும். மனமில்லாவிட்டால் முதலிலிருந்து. ஓட ஆரம்பித்தாலும் எஞ்சினையும் மில்லையும் இணைக்கும் பட்டி வழுக்கும், எஞ்சின் சூடேறும். இரண்டு மூன்று பேருக்கு அரைத்ததும் நிறுத்தி ஆறவைக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் டின்களும் துணிப்பைகளுமாக பஸ் ஏறி வருவார்கள். மிளகாய், மல்லி, குரக்கன், அரிசி கிடைக்காத காலம் என்பதால் காய்ந்த மரவள்ளியும் சோளமும். எஞ்சின் ஆறும்வரை கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். பஸ்ஸை விட்டுவிட்டால் இருட்டில் மலை ஏற வேண்டியது அவர்கள்தான், எஞ்சின் அல்ல. ஒருமுறை கொழுந்து பறிக்கும் ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "மொதலாளி, எம்மகளுக்கு வளகாப்பு வருது, அதுக்குள்ள மாவு கெடைச்சிருமா?" என்று கேட்டார். அவருடைய மகள் இடுப்பில் இருந்தாள். வரிசையே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். அடுத்த நாள் நானாவுக்கு ஆள் அனுப்பினார்.

நானா பசறை ரோட்டில் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக். ஊருக்கே நானா. அரை நாள் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு, எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே இரண்டு வழி சொன்னார். எஞ்சினை இறக்கி, உள்ளே தேய்ந்ததையெல்லாம் மாற்றி, பட்டியும் புதிதாகப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளும். இல்லையென்றால் பண்டாரவளையில் ஒரு வியாபாரி இந்தியாவுக்குப் போகிறார், அவருடைய மில்லை மின்சார மோட்டரோடு அப்படியே கழற்றிக்கொண்டு வந்துவிடலாம். கப்பலில் எதுவும் வராத அந்த நாட்களில் புதிய மெஷின் என்றால், ஊரைவிட்டுப் போகிற யாரோ ஒருவருடைய பழைய மெஷின் என்றுதான் பொருள்.

எது நல்லது என்று அப்பா கேட்டார்.

"இன்னும் எத்தன வருஷம் ஓடணும் மொதலாளி? அத நீங்க சொல்லுங்க, மத்தத நான் சொல்றேன்."

அப்பா பட்டியைப் பார்த்தார். பெரியப்பா வாசலைப் பார்த்தார். பெரியவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான், "நூறு வருஷம்" என்றேன். நானா மட்டும் சிரித்தார்.

அவர்கள் இருவருக்கும் தெரிந்து எனக்குத் தெரியாமலிருந்தது இதுதான். இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி எங்களைப் போன்றவர்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா பதுளையில் பிறந்தவர். பெரியப்பா அக்கரையில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். இருவரும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கே விண்ணப்பித்தார்கள். தம்பியை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணனுக்கு இல்லை என்று வந்துவிட்டது. தங்கியிருக்கும் அனுமதியை நீடிக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரியப்பா ஏற்கெனவே கேட்டு வாங்கி, அதுவும் முடியும் நிலையில் இருந்தது. மறுபடியும் கேட்கலாம் என்பது அப்பாவின் கட்சி. இந்த நீடிப்பு வழங்கும் முறையை நான் பிற்காலத்தில் மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கேட்டால் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் கேட்டவரைக் கொஞ்சம் சிறியவராக்கிவிட்டுக் கிடைக்கும். பெரியப்பா களைத்துப்போயிருந்தார். போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, மோட்டர் வாங்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே அவர் எஞ்சினைத் திருத்தவே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மோட்டருக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும், கரண்ட் கந்தோருக்கு மனுவோடு நடக்க வேண்டும், மழை பெய்தால் கரண்ட் போகும், மோட்டர் வேகத்தில் மாவு கருகும் என்று நாளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் எத்தனையோ குழுக்களில் எத்தனையோ ஆட்சேபங்களைக் கேட்டிருக்கிறேன். அப்பாவுடையவை அவற்றைவிட நன்றாகவே தயாரிக்கப்பட்டிருந்தன. பெரியப்பாவிடம் இருந்தது ஒரே காரணம். மோட்டரை ஒரே ஆள் ஓட்டலாம்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ரெண்டு பேரு இருக்கிற வீட்டுக்கு ஒத்த ஆள் மெஷின் எதுக்குண்ணே?"

பெரியப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

நான் பெரியப்பா கட்சி. அந்த வீட்டில் முன்னேற்றத்தின் பக்கம் நிற்பவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்பா பழமைவாதி, கொஞ்சம் கருமியும்கூட. தோட்டத்துப் பெண்கள் எஞ்சினை ஏசுகிற ஏச்சையெல்லாம் சேர்த்து வைத்து, அவர் சாப்பிட உட்காரும்போது ஒப்பிப்பேன். மோட்டர் என்றால் என்ன, அது ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சுற்றும், பட்டி ஏன் வழுக்காது என்று நானாவிடம் பட்டறைக்கே போய்க் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டேன். என்னால் விளங்கிக்கொள்ள முடியாதது பெரியம்மாவைத்தான். சொந்தப் புருஷனுக்கு எதிராக அவர் எஞ்சின் கட்சியில் சேர்ந்திருந்தார். என் தலையைப் பின்னிக்கொண்டே, "பழகின எஞ்சினு. அதுபாட்டுக்கு ஓடட்டுமே, ஒனக்கென்னடி அவசரம்" என்பார். அவருக்கு விஞ்ஞானம் படிக்க வசதியில்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் பார்த்துவிட்டாவது வரலாம் என்று பெரியப்பா சொல்ல, மூவரும் காலை ரயிலில் பண்டாரவளைக்குப் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தனியாக ஒரு பெட்டியில் எதிரெதிரே உட்கார விரும்பவில்லையோ என்னவோ. தெமோதரையில் ரயில் சுற்றி வளைந்து, தான் வந்த தண்டவாளத்துக்கு மேலேயே ஏறும்போது நான் இருவரையும் மாறி மாறி ஜன்னலுக்கு இழுத்தேன். இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள், ஆனால் தனித்தனியாக.

அந்த வியாபாரியின் வீட்டில் கூடம் முழுக்கப் பலகைப் பெட்டிகள். சுவரில் சாமிப் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. அவருடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கக் கோப்பைகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வைக்கோலைத் தட்டிவிட்டுக் கழுவினார். மில் பின்கட்டில் இருந்தது. பச்சை வர்ணம், துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு சுவிட்ச்.

வியாபாரி போட்டுக் காட்டக் கை நீட்டினார். பெரியப்பா அவரைத் தடுத்தார்.

"தம்பி போடட்டும். நான் வெளிய நிக்கிறேன்."

அவர் பின்கட்டைத் தாண்டி, ரோட்டு ஓரம்வரை போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். அப்பா சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். வியாபாரி என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு அப்பா சுவிட்சைத் தட்டினார். உறுமல் இல்லை, புகை இல்லை. கொட்டிய சோளம் அடுத்த மூச்சில் மாவாக வந்தது. அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நிறுத்தினார். திரும்பப் போட்டார். மறுபடி நிறுத்தினார். பெரியப்பா திரும்பி வந்தபோது, "சத்தம் சரியில்லண்ணே" என்றார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ரோட்டுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஒருதரம் பாத்துட்டுச் சொல்ல முடியாது."

"நீ தனியாவே ஓட்டிருவ, தம்பி" என்றார் பெரியப்பா. பிறகு வியாபாரியின் பக்கம் திரும்பி, எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னார்.

அப்பா போய் வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். தோற்றுப்போனதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு அவமானமாக இருந்தது. வியாபாரியின் மனைவி என் கையில் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்து, "நல்லா வச்சுக்குங்கம்மா, அது எங்களுக்கு ஒரு கொறையும் வைக்கல" என்றார். மெஷினைப் பற்றி ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னாரே என்ற பெருமையில் அப்பாவை மறந்துவிட்டேன்.

மில் லொறியில் வந்து இறங்கியது. கம்பி இழுத்தார்கள். நானா பூட்டிக் கொடுத்தார். முதல் அரைப்பு மஞ்சள். மஞ்சளில் ஆரம்பித்தால் நல்லது என்று வழக்கம். பழைய எஞ்சினை இரும்புக்காரன் எடுத்துப்போனபோது அப்பா வீட்டில் இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் இந்தியாவுக்குப் போய் வரப்போகிறார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. கப்பலில் போவார்களாம். திரும்பி வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று நான் நாள்தோறும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் பெரியம்மா முற்றம் நிறையப் பாய் விரித்து மிளகாயும் மல்லியும் காயவைத்தார். அரிசியும் எங்கிருந்தோ சேர்த்திருந்தார். போகிற இடத்தில் யாரையும் தெரியாது, மில் எங்கே இருக்கிறதோ, முதல் சில மாதத்துக்காவது கையில் இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பொறுத்தவரை அது புதிய மெஷினுக்கு வைத்த பரீட்சை.

அப்பா தனியாக நின்று அரைத்தார். பெரியப்பா உள்ளே பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். முதலில் அரிசி, பிறகு மல்லி, கடைசியில் மிளகாய். ஒவ்வொரு டின்னாக நான் பின்கட்டுக்குத் தூக்கி வர, பெரியம்மா அதன் வாயைத் துணியால் கட்டி மூடி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி டின்னை வைத்துவிட்டு மூச்சிரைக்க, "பாத்தீங்களா பெரியம்மா? பழைய எஞ்சினா இருந்தா மூணு நாளாகியிருக்கும்" என்றேன்.

பெரியம்மா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஆமா. மூணு நாளாகியிருக்கும்."

அதில் மகிழ்ச்சியே இல்லை. தன் கட்சி தோற்றதை அவரால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று எனக்குப் பட்டது. தோற்றவர்களிடம் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மோட்டர் எப்படிச் சுற்றுகிறது, பட்டி ஏன் வழுக்குவதில்லை, ஏன் ஆறவைக்க வேண்டியதில்லை என்று நானாவிடம் கற்றதையெல்லாம் விளக்கினேன். அவர் மிளகாய்த்தூள் படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி கேட்டார். நான் முடித்ததும், "வெளங்கலடி. மொதல்லருந்து இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

பாவம், இவ்வளவு எளிய விஷயம் அவருக்கு விளங்கவில்லையே என்று, பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தேன்.