இரண்டு காடுகளின் பெயரை மாற்றி எழுதியவள்

இரண்டு காடுகளின் பெயரை நான் மாற்றி எழுதினேன். தெரிந்தே எழுதினேன். அதனால் ஒரு காடு பிழைத்தது; மற்றொன்று எரிந்தது.

பிழைத்த காட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. அதையும் சேர்த்தே உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். தவறு செய்தவள் வாடிய முகத்தோடு வருவாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால்... என்னிடம் அந்த முகம் இல்லை!

என் பெயர் தேவிகா. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். உயர்தர வகுப்பு வரை படித்தவள் என்று கேள்விப்பட்டு ரிஸானா மிஸ் என்னைத் தேடி வந்தார். பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். காடுகளைப் பற்றி ஆராய்பவர். எங்கள் மலையில் எஞ்சியிருந்த இரண்டு மழைக்காடுகளும் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவருடைய வேலை. அதற்கு, மரங்களின் அடியில் முளைத்திருக்கும் கன்றுகளை எண்ணித்தர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எவ்வளவு ஆனந்தமான வேலை தெரியுமா! கயிறு கட்டிச் சதுரம் போடுவேன். மண்டியிட்டு, சருகை விலக்கி, ஒவ்வொரு கன்றாகத் தொட்டு எண்ணுவேன். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய காலம் போய், காட்டில் நான் பெயர் கூப்பிடுகிறவளானேன். காட்டு நாவல், வந்திருக்கிறாயா? வந்திருக்கிறாய்!

ஒரு காடு கோயில்மேட்டுக் காடு. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே அது இருந்தது. மற்றது வட்டக்காடு, மலையின் மறுபக்கம், தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கு மேலே. கீழ் டிவிசனில்தான் என் அக்கா பாக்கியம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவர்கள் குடிக்கவும் குளிக்கவும் நம்பியிருந்த பீலிக்கு வட்டக்காட்டிலிருந்து தண்ணீர் இறங்கியது. எங்கள் பீலிக்குக் கோயில்மேட்டிலிருந்து.

உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுவதற்காக இரண்டு காடுகளின் ஓரத்தையும் விவசாயிகள் வெட்டிக்கொண்டே ஏறினார்கள். ஆடி மாத வறட்சியோ ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டு போனது.

ஒருநாள் காட்டு ஓரத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மிஸ் சொன்னார்: "காடு ஒரு அளவுக்குத்தான் தாங்கும் தேவி. கன்னு குறைஞ்சா, மரம் விழுந்த இடத்துல வெயில் இறங்கும். வெயில் இறங்கினா மானாப்புல் வரும். புல்லு வந்தா தீ வரும். அந்தக் கோட்டைத் தாண்டிட்டா, அப்புறம் எவ்வளவு மழை பெஞ்சாலும் காடு திரும்பாது."

"ரெண்டையும் காப்பாத்த ஏலாதா மிஸ்?"

"அவ்வளவு ஆளும் இல்ல, நாத்தும் இல்ல. எது இன்னும் திரும்பி வருமோ, அதைத்தான் எடுக்கணும்."

நான் தலையசைத்தேன். பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன். ஏனென்றால் நான் ஏற்கனவே எண்ணி முடித்திருந்தேன். வட்டக்காட்டில் கால் வைக்க இடமில்லாமல் கன்றுகள்! எங்கள் கோயில்மேட்டிலோ தேடித் தேடித்தான் எண்ண வேண்டியிருந்தது. மிஸ் சொன்ன கோட்டை எங்கள் காடு தாண்டிவிட்டிருந்தது.

தாள்களின் மேலே காட்டின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். மறுநாள் அவற்றைக் கொடுக்கப் பண்டாரவளைக்குப் புறப்பட்டேன். நல்ல வெயில். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் தாள்களை வைத்து, கன்றுகள் நிறைந்த தாள்களில் 'கோயில்மேடு' என்று எழுதினேன். மற்றவற்றில் 'வட்டக்காடு' என்று எழுதினேன்.

அவ்வளவுதான்! அக்காவின் முகம் அப்போது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வந்தும் எழுதினேன்...

தாள்களை நம்பி எங்கள் காட்டையே தேர்ந்த மிஸ், அதை மட்டும் பார்க்க வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "தாள்ல இருக்கிற அளவுக்குக் காணோமே?" என்றார்.

"மரை வந்து மேஞ்சிருச்சு மிஸ்" என்றேன். இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக வாயில் வந்தது. உடனே மரை மான்கள் நுழையாதபடி வேலி போட ஏற்பாடு செய்தார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போது என் குரல் துள்ளினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் லயத்துப் பெண்கள் எல்லாரும் நாற்று நட ஏறினோம். வழுக்கி விழுந்தோம், விழுந்தவளைத் தூக்கப்போனவளும் விழுந்தாள். தோட்டமே கேட்கும்படி சிரித்தோம்! ஆடிக்கு முன்னால் காட்டைச் சுற்றிப் புல்லை அகலமாகச் செதுக்கி, தீ தாண்ட முடியாத பாதை போட்டோம். காய்ந்த நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டோம். நான்கு வருடம் அப்படியே ஓடியது.

ஒரு காலை, பக்கத்து வீட்டுச் செல்வி காட்டுக்குள்ளிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அட்டை கடிச்சிருச்சுடி! அட்டை!" ஈரம் இல்லாமல் பல வருடமாக அந்தக் காட்டில் அட்டையே கிடையாது. அவள் காலில் ரத்தம் வழிய வழிய, நாங்கள் அவளைச் சுற்றி நின்று கைதட்டினோம்! கடி வாங்கியதற்காக யாராவது அப்படிக் கொண்டாடியிருப்பார்களா? அந்த ஆடியில் எங்கள் பீலி வற்றவில்லை.

அதே ஆடியில்தான் வட்டக்காடு எரிந்தது.

மூன்று நாள் எரிந்தது. அங்கே தீயை மறிக்கப் பாதை இல்லை. பாதை போட ஆளும் கிடைத்திருக்கவில்லை. தீ தணிந்ததும் புல் முளைத்தது. கீழ் டிவிசன் பீலி நூலாகி, பிறகு சொட்டாகி, நின்றுபோனது.

அக்கா துணி மூட்டையோடு மலை தாண்டி எங்கள் பீலிக்கு வரத் தொடங்கினாள். வரும்போதெல்லாம் சிரித்த முகம். "என் தங்கச்சி கையால வந்த தண்ணி இது!" என்று எல்லாரிடமும் சொல்லுவாள். நான் அவள் முதுகைத் தேய்த்துவிடுவேன். முகத்துக்கு நேராக நிற்க முடியாததால் முதுகுப் பக்கமே நின்றுகொண்டேன்.

அப்படியும் இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. என்னைத் திறக்க வைத்தது பாசமா? மனசாட்சியா? இரண்டும் இல்லை... ஒரு பட்டியல்!

ரிஸானா மிஸ் துள்ளிக்கொண்டு வந்தார். "நம்ம கணிப்பு பலிச்சிருச்சு தேவி! கன்னு நிறைஞ்ச காடு திரும்பிருச்சு, குறைஞ்ச காடு போயிருச்சு. இனி இதை வச்சே முடிவெடுக்கலாம்" என்று ஒரு தாளை நீட்டினார். லுணுகலை வரைக்கும் உள்ள மலைகளில் கன்று குறைந்த காடுகளின் பெயர்கள் அதில் இருந்தன. கைவிட வேண்டியவை என்று தலைப்பு.

அந்தக் காடுகளுக்குக் கீழேயும் லயங்கள் இருக்கின்றன. பீலிகள் இருக்கின்றன. அக்காமார் இருக்கிறார்கள்.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஸ், தாள், மரை... ஒன்றையும் மறைக்கவில்லை.

மிஸ் அப்படியே வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். வேலிக்குள் நின்ற கன்று ஒன்றைத் தொட்டபடி, "அப்ப... கோட்டைத் தாண்டின காடா இது? தாண்டியும் திரும்பி வந்திருக்கா?" என்றார். அவர் கண்கள் மின்னின. மறுகணமே அவை அணைந்தன.

"நீ செஞ்சது சின்னக் காரியம் இல்ல தேவி. இனி உன் கையால நான் ஒரு எண்ணும் வாங்க மாட்டேன்."

வாங்கவில்லை. இப்போது வேறொருத்தி எண்ணுகிறாள். ஆனால் அந்தப் பட்டியலை அவர் கிழித்தார்! கைவிட இருந்த காடுகளுக்கு நாற்றுகள் போகின்றன. வட்டக்காட்டிலும் குழி வெட்டுகிறோம். என்னைக் குழி வெட்ட மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாற்றும் வேர் பிடிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. இந்த மகிழ்ச்சிக்கு எனக்கு உரிமை உண்டா? தெரியவில்லை. வருகிறது, தடுக்க முடியவில்லை.

அக்காவிடமும் நானேதான் சொன்னேன். வட்டக்காட்டுச் சரிவில், இருவரும் மண்வெட்டியோடு நின்றபோது.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கரிந்த அடிமரங்களையும் புல்லையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க காட்டையும் நீதானே எண்ணின?" என்றாள்.

"ஆமாக்கா."

"எத்தனை இருந்துச்சு?"

"ஒரு சதுரத்துக்குள்ள மட்டும் அறுபதுக்கு மேல இருந்துச்சுக்கா. சில இடத்துல எண்ணவே முடியல..."

"அவ்வளவு இருந்துச்சா!" என்றாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் முகம் பெருமையில் மலர்ந்தது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, என்னிடமிருந்து தள்ளி, அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.