அடைக்கக் கூடாத ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை, பல்லேபொலச் சந்தியில் என் காரைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேருமே டாக்டர்கள் — இன்ஜின் டாக்டர்கள்! "பேட்டரிதான்" என்றார் ஒருவர். "பெட்ரோல்ல தண்ணி" என்றார் இன்னொருவர். "கண்ணு பட்டிருக்கு, தேசிக்கா வெட்டுங்க" என்றார் மூன்றாமவர்.

வண்டியின் நோய் இதுதான்: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடும். காலை எடுத்தால்... அணைந்துவிடும். யட்டவத்த வீட்டிலிருந்து காலை எடுக்காமலே வந்தேன். சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. எடுத்தேன். முடிந்தது.

மகளுக்கு மாப்பிள்ளை பேசப் போகிறோம். நாலரைக்கு ராகு காலம். பிந்திப் போனால், சகுனம் சரியில்லை என்று அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டால்? மடியில் தாம்பூலத் தட்டோடு மனைவி. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நல்ல வேளை, எங்கள் வழக்கமான மெக்கானிக் ரிஸ்வி நானாவின் கராஜ் பக்கத்தில்தான். ஓடி வந்தார். இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"யாரு சேர் இதுல சீலன்ட் பசை வச்சது?"

"முன்னாடி யாரோ ஒரு மெக்கானிக்..." என்று இழுத்தேன்.

"வேற யாரு? இவருதான்!" என்றாள் மனைவி. "நேத்து கிளீன் பண்றேன்னு கழட்டினாரு. குட்டி ஓட்டை இருக்கு, காத்து லீக் ஆகுதுன்னு அடைச்சாரு. நானாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னேன். இன்ஜினப் பத்தி உனக்கென்னடி தெரியும்னாரு."

ஏழு டாக்டர்களும் சிரித்தார்கள்.

"சேர், கால எடுத்தா உள்ள இருக்கிற பெரிய தகடு மூடிக்கும். அப்ப இன்ஜினுக்கு மூச்சு இந்தப் பொடி ஓட்டையாலதான். பக்கத்துல இருக்கிறது சென்சருக்குப் போறது. அதையாவது விட்டு வச்சீங்களே!" என்றார் நானா.

விட்டு வைத்தது என் அறிவல்ல. டியூப் தீர்ந்துவிட்டது.

மெல்லிய கம்பியால் சீலன்டைக் கிண்டி எடுத்தார் நானா. மாட்டி, ஸ்டார்ட் செய்தார். காலை எடுத்தும் வண்டி நிற்கவில்லை.

நாம் அப்படித்தானே? பெரிய வாசலுக்குத் தோரணம் கட்டுவோம். சின்னத் துவாரத்தைக் கண்டால் கை பரபரக்கும். சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறவர், ஆபீஸில் "ஆனா சேர்..." என்று தொடங்குகிறவர் — எல்லாம் லீக்! அடை!

நாலே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தேநீர் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "பொண்ணு என்னங்க சொல்லுது?"

"அவ என்னங்க சொல்லப்போறா, நாங்க பார்த்து..." என்று ஆரம்பித்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். நடுச்சந்தியில் கார் நின்ற மாதிரி நின்றுவிட்டேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மகளிடம் நான் கேட்கவே இல்லை.

போனை எடுத்து, வீட்டிலிருந்த மகளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எனக்குச் சம்மதந்தான்ப்பா. ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன். அத அங்கேயே சொல்லிடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டுட்டோம்மா! தட்ட மாத்திக்கலாங்க" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் சீலன்ட் டியூபுக்குத் தடை — உத்தரவு பிறந்தது சமையலறையிலிருந்து.