ஈர மணலில் இருந்த கருவிகள்

அன்று ஆய்வுக்குழுக் கூட்டத்தில் நான்கு பேர் இருந்தோம்: என் வழிகாட்டி மேடம், வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள், நான். இல்லாதவர்கள், நான் யாருடைய வீடுகளை ஆய்வு செய்தேனோ அந்தப் பன்னிரண்டு குடும்பத்தார். அவர்களில் ஒருவர் இருந்திருந்தாலும் அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

எங்கள் தெரு பூதலூர் பக்கம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற குடும்பம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கட்டடக்கலையில் முனைவர் பட்டத்துக்காக, எங்கள் தெருவில் அரசு கட்டித்தந்த கான்கிரீட் தொகுப்பு வீடுகளுக்குள் எவ்வளவு சூடு என்று அளந்தேன். மணிக்கு மணி வெப்பத்தைப் பதியும் தீப்பெட்டி அளவுக் கருவியை வீட்டுக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டி, ஒரு வருடம் ஓடவிட்டேன்.

ஒரு பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். "சித்திரை மத்தியானம், இருபத்தெட்டு டிகிரி. ஏசி போட்டிருக்காங்களா தம்பி?"

ஏழு வீடுகளில் அப்படி. நானோ அதைக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டிருந்தேன்.

ஊருக்குப் போய், அந்த ஏழு வீடுகளில் ஒன்றில் இருக்கும் எஸ்தர் சித்தியிடம் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "உன் மெஷினு சுவத்துல கெடந்து வேகுதுப்பா. கெட்டுப்போச்சுன்னா உன் படிப்பு என்னாவறது? கவர்ல சுத்தித் தண்ணிப் பானைக்குப் பின்னால ஈர மணல்ல வச்சிருவேன். நீ வர்றப்ப தேடக் கூடாதுன்னு திரும்ப மாட்டிருவேன்."

அவரைப் பார்த்து இன்னும் ஆறு வீட்டிலும் அதையே செய்திருந்தார்கள். கோபப்பட முடியவில்லை. 'பத்திரமாப் பாத்துக்கங்க' என்று சொன்னவன் நான். எதற்கென்று யாரிடமும் விளக்கவில்லை. நம் ஜனம்தானே என்ற மெத்தனம்.

ஆய்வேட்டைக் கொடுக்க எட்டு மாதம்தான் இருந்தது. திரும்ப அளக்க ஒரு வருடம் வேண்டும். உதவித்தொகை முடியும் நேரம். விடுதி நண்பன், எண்களை நாமே ஏற்றிவிடலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றான். கணினியில் அந்த எண்கள் இருந்த கோப்பை மூன்று நாள் திறந்து திறந்து மூடினேன். விட்டால் ஐந்து வருடம் வீண். தொட்டால் பொய். எந்தப் பக்கமும் கதவில்லை.

நான்காம் நாள் உச்சி வெயிலில், எங்கள் வீட்டுக் கான்கிரீட் கூரைக்கு அடியில் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் அழுதேன். எழுந்தபோது வழி தெரியவில்லை; ஆனால் பொய் வேண்டாம் என்பது தெளிவாக இருந்தது.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவையே ரத்து செய்துவிடுவார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மெஷினுக்கே இடம் தேடினாங்களே, அந்த வெயில்ல அவங்க எங்க இருக்காங்க? கேட்டீங்களா?"

நான் கேட்டதே இல்லை.

கால நீட்டிப்புக்கு அவரே பரிந்துரை எழுதினார். கிடைக்காது என்றே அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கிடைத்தது. பன்னிரண்டு வீட்டாரையும் உட்காரவைத்து முதன்முறையாக விளக்கினேன். மறுபடி ஒரு வருடம் அளந்தேன்; இந்த முறை கருவி சுவரிலேயே நின்றது. மத்தியானத்தில் அந்த அறைகளில் ஆளே இருப்பதில்லை, வாய்க்கால் கரைப் புங்க மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் ஆய்வின் மையமானது. சென்ற மாதம் பட்டம் உறுதியானது.

இது ஆண்டவர் செய்தது. இப்போது நான் கேட்காமல் எதையும் அளப்பதில்லை. அடைபட்டு நிற்கிறவர்களே, பொய்யை மட்டும் கையில் எடுக்காதீர்கள். மீதியை அவரிடம் விடுங்கள்.

இதற்கு எங்களுக்கு ஆன செலவு: உதவித்தொகை இல்லாத பதினான்கு மாதம், அம்மாவின் இரண்டு கறவை மாடுகள், என் தங்கை கல்லூரிக்குப் போகாமல் காத்திருந்த ஒரு வருடம்.